வைஃபை நிர்வாகி

“சாதனா, டப்பாவை ஒரு தடவை அணைச்சுப் போடறேன். பயப்படாதே!” என்று ஸ்டூல் மேல் நின்றபடி குரல் கொடுத்தேன்.

என் பெண் உள்ளறையில் லேப்டாப் முன் உட்கார்ந்து, தோழி மானசாவோடு இன்டர்வியூ ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வைஃபை டப்பாவை அணைத்து, பழைய வேட்டித் துணியால் துடைத்து, மறுபடி போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. இத்தனைக்கும் உள்ளே அவள் பேச்சு ஒரு வார்த்தைகூடத் தடைப்படவில்லை. எல்லாம் கைராசி என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். வேறு யாரும் தட்டுவதாக இல்லை.

எங்கள் வீட்டில் வைஃபை என் இலாகா. ரயில்வே ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அது இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவன் நான். அந்த பக்தி இன்னும் போகவில்லை. போன ஆயுத பூஜைக்கு டப்பாவுக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் இட்டு, பின்பக்கத்து ஓட்டையில் ஒரு செம்பருத்தியையும் செருகிவைத்தேன்.

மறுநாள் நெட் செத்துப்போனது. கம்பெனி ஆளைக் கூப்பிடலாம் என்றாள் என் மனைவி சுப்புலக்ஷ்மி. விடுவேனா? நானே திறந்து, பஞ்சால் துடைத்து, மூடினேன். சாயங்காலமே நெட் வந்துவிட்டது.

“உங்க கையே கைதான்” என்றாள். அன்று ராத்திரி பெருமையில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம் ஒரே ஒரு குறை. எதிர்வீட்டு ரஹ்மத்துல்லாவின் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வந்தால் போதும், எங்கள் வீட்டில் நெட் நொண்டியடிக்கும். மூன்று தடவை பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன், பலிக்கவில்லை. மனுஷர் தாராவியில் தோல் பை வியாபாரம் செய்கிறவர். பார்த்தால், இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்றிருப்பார்.

“அவர்தான் நம்ம நெட்டைத் திருடறார்” என்று சுப்புலக்ஷ்மியிடம் சொன்னேன்.

“ஐயோ, வாயைக் கழுவுங்கோ. தங்கமான மனுஷா” என்று பேச்சை முடித்துவிட்டாள். அவளுக்கு உலகத்தில் எல்லோரும் தங்கம், என்னைத் தவிர.

வேறு நாளாக இருந்தால் விட்டிருப்பேன். வேலை போனதிலிருந்து சாதனா சரியாகச் சாப்பிடுவதில்லை. யாரோடும் சிரித்துப் பேசுவதில்லை. எத்தனையோ இடத்தில் முட்டி மோதி, ஒரே ஒரு கம்பெனியில் கடைசிக் கட்டம் வரை வந்திருக்கிறாள். அந்தக் கடைசி இன்டர்வியூ இன்றைக்குத்தான். இதுவும் போனால் குழந்தை ஒடிந்துபோய்விடுவாள்.

“நான் வர வரைக்கும் அந்த டப்பா கிட்டயே போகாதேங்கோ” என்று சொல்லிவிட்டு, சுப்புலக்ஷ்மி அர்ச்சனைத் தட்டோடு கோவிலுக்குப் போயிருந்தாள்.

“அப்பா, ஸ்டார்ட் ஆகப் போறது. டென்ஷன் மத் லோ, டென்ஷனே வேண்டாம். எதையும் தொடாதேங்கோ!” என்று சாதனாவும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் ஹாலில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். அப்போது லிஃப்ட் இல்லாத எங்கள் மாட்டுங்கா பில்டிங்கின் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூல் பையோடு ஏறி வந்து உள்ளே போனார்கள். நேரே போய் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன்.

ரஹ்மத்துல்லா கதவைத் திறந்தார். “வாங்க சார். சாயா குடிக்கியளா?”

“சாயா அப்புறம் ஆகட்டும். உங்க வீட்டுல இருக்கற நெட்டு கிட்டு எல்லாத்தையும் ஒரு மணி நேரம் ஆஃப் பண்ணுங்கோ.”

“எதுக்கு சார்?”

“சாதனாவுக்கு இன்டர்வியூ நடந்துண்டிருக்கு. நேக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்து சொல்ல வேண்டாம்னு பார்க்கறேன்.”

அவர் முகம் மாறிவிட்டது. “இன்டர்வியூவா? அப்பம் ஆஃப் பண்ணவே கூடாது சார்!”

என்ன நெஞ்சழுத்தம்! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. “எம் பொண்ணோட வாழ்க்கை இது, புரியறதா?”

“அதத்தான் சார் நானும் சொல்லுதேன். மாமி உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாவ, ஆனா...”

“மாமியை எதுக்கு நடுவுல இழுக்கறேள்?”

கதவுக்குப் பக்கத்திலேயே, செருப்பு அலமாரி மேல் அவர்கள் வீட்டு டப்பா மினுக்கிக்கொண்டிருந்தது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, தூசிகூடத் தட்டவில்லை. சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டே அடுத்த வீட்டு நெட்டில் கைவைக்கிறாரே என்று பற்றிக்கொண்டு வந்தது. அவர் தடுப்பதற்குள் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன்.

“இப்பப் பாருங்கோ, எங்காத்துல நெட் எப்படிப் பறக்கறதுன்னு!”

எங்கள் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. சாதனா வெறுங்காலோடு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது, கண்ணில் நீர் முட்டியிருந்தது. என்னை அவள் பார்க்கவேயில்லை.

“அங்கிள், உங்க நெட் போயிடுத்து!”