சிவப்புக் கோடு

"அப்பா, புஸ்தகத்தை அழுத்தாதீங்க. அழுத்தி அழுத்தியே என்னைக் குள்ளமாக்கிடுவீங்க."

கதவு நிலையில் முதுகு ஒட்டி நின்ற மகள் சிடுசிடுத்தாள். கணுக்கால்வரை தொங்கும் பாவாடை, இறுக மூடிய கண்கள். ஒன்பது வயது. அவள் தலைமேல் வைத்த தடிப் புத்தகம் நிலையைத் தொட்ட இடத்தில் அப்பா பென்சிலால் கோடு போட்டார்.

அவர் பஸ் டிரைவர். இருபது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. நூற்று முப்பத்தைந்து சென்டிமீட்டர் வளரும்வரை பிள்ளைகள் காரில் குழந்தை சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது சட்டம். அந்த உயரத்தில் ஸ்கேல் வைத்து அவரே சிவப்புக் கோடு இழுத்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிறு அளவெடுப்பு.

"அரை சென்டிமீட்டர் கம்மி, சுண்டெலி."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. கிளாஸ்ல எல்லாரும் ஜம்முனு உட்கார்ந்து வர்றாங்க, நான் மட்டும் பாப்பா சீட்டு. மானம் போகுது."

"போனா போகட்டும். மானத்துக்கு பெல்ட் போட முடியாது, உனக்குப் போடலாம்."

விறைப்பாகச் சொன்னாரே தவிர, உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. மகள் கோட்டைத் தாண்டினால் சீட்டு தங்கை மகனுக்கு என்று எப்போதோ வாக்குக் கொடுத்தாகிவிட்டது. தங்கையும் இந்த மாதம் நிச்சயம் என்று நம்பி, அதை எடுத்துப்போக மதியமே வருகிறாள். சீட்டு போய்விட்டால் மகளே ஏறி மகளே பெல்ட்டை மாட்டிக்கொள்வாள். காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது குனிந்து அந்த பெல்ட்டை மாட்டிவிடுகிற இரண்டு நிமிடத்துக்காகவே அவர் மதிய ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருந்தார்.

அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு கதை உண்டு.

"நீ பொறந்து மூணாம் நாள்..." என்று ஆரம்பிப்பார்.

"சீட்டு இல்லாம பிள்ளையைக் கார்ல ஏத்த விடமாட்டேன்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. நீங்க ஓடிப்போய் வாங்கிட்டு வந்து, மாட்டத் தெரியாம திருதிருன்னு முழிச்சீங்க. ஆயிரம் தடவை கேட்டாச்சுப்பா."

"சரி, இன்னைக்கு விட்டுடறேன்."

"நீங்கல்லாம் எப்படி பஸ் ஓட்டுறீங்கன்னு நர்ஸ் கேட்டாங்களே, அதைச் சொல்லவே இல்ல?"

"கேட்டாங்க. வீடு வர்ற வரைக்கும் நான் இருபதைத் தாண்டல. ஒரு தாத்தா சைக்கிள்ல நம்மளை ஓவர்டேக் பண்ணிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டுப் போனாரு."

தினமும் இந்த இடத்தில்தான் சிரிப்பாள். அதற்குப் பிறகு இரண்டு சீட்டு மாறிவிட்டது, கதை மாறவில்லை. இனி இந்தக் கதையை யாரிடம் சொல்வது என்று நினைத்தாலே அவருக்கு என்னவோ போலிருந்தது.

"நீங்க ஒழுங்கா அளக்கல. இன்னொரு தடவை பாருங்க," என்று மகள் காலை உதைத்துவிட்டு மறுபடி நிலையோடு ஒட்டிக்கொண்டாள். கண்கள் மறுபடி மூடின.

அப்போது மனைவி, தையல் அறையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு வந்து எதிர்ச்சுவரில் சாய்த்தாள். அவள் வீட்டிலேயே உடை தைப்பவள். புருஷன், பிள்ளை எல்லாருடைய அளவும் அவளுக்கு மனப்பாடம்.

"கஸ்டமர் போட்டுப் பார்க்க வர்றாங்க. இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு," என்றவள், போகிறபோக்கில் அவரைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள். "நீங்களும் கொஞ்சம் கண்ணாடியைப் பாருங்க. எப்பப் பார்த்தாலும் கோட்டையே பார்த்துட்டு."

புத்தகத்தை மகளின் தலையில் வைத்தபடி அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில், நீளப் பாவாடைக்குள் மகளின் இரண்டு முழங்காலும் நன்றாக மடங்கி, துணியை முன்னால் தள்ளிக்கொண்டு, வலியில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன.

"இப்பவும் அரைதான் கம்மி, சுண்டெலி," என்றார் அவர். "அத்தை பையனுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாம்."