போன மாதத் தேதி

முதலாளி பிக்கப்பை முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தார்.

“டிரைவர் அண்ணன் வரலையா சார்?” என்றான் மெக்கானிக்.

“லீவு. பிரேக் பேட் நாலையும் மாத்து. பிரேக் ஆயிலையும் மாத்து.”

மெக்கானிக்குக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பேடை மாற்றச் சொல்லி டிரைவர் மூன்று மாதமாக வந்து கெஞ்சிக்கொண்டிருந்தார். முதலாளியோ போனிலேயே, “ஆயிலை மட்டும் ஊத்தி அனுப்பு, ஓடும்” என்று முடித்துவிடுவார். இன்று என்ன ஞானோதயமோ!

சக்கரத்தைக் கழற்றினால், பேட் தேய்ந்து வெறும் தகடாக நின்றது. ஆயில் சாக்கடை நிறம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு மிதித்துப் பார்த்தான். பிரேக் கல் மாதிரி நின்றது.

“அண்ணன்கிட்ட சொன்னா துள்ளிக் குதிப்பாரு சார்!”

முதலாளி குனிந்து பார்த்தார். “பேட் பளபளன்னு இருக்கே. கொஞ்சம் புழுதியை அப்பு. பில்லுல போன மாசத் தேதி போடு.”

“எதுக்கு சார்?”

“நாளைக்கு இன்ஷூரன்ஸ்ல இருந்து வர்றாங்க. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, டிரைவர்தான் மிதிக்காம குடோன் சுவத்துல மோதிட்டான்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

பம்பரும் புதுசு என்பது அப்போதுதான் மெக்கானிக்கின் கண்ணில் பட்டது.

“அண்ணனுக்கு…?”

“வலது காலை எடுத்துட்டாங்க.”

“இது பாவம் சார். நான் உண்மையைச் சொல்லிடுவேன்.”

“தாராளமாச் சொல்லு. பேட் தேய்ஞ்சது தெரிஞ்சும், மூணு மாசமா ஆயிலை ஊத்தி வண்டியை வெளியே அனுப்பினது யாருன்னும் சேர்த்துச் சொல்லு.”

 மெக்கானிக் குனிந்து, ஒரு பிடி புழுதியை அள்ளினான்.