வெள்ளத்தில் போன வாடாமல்லிப் பட்டு

"ஒரு நூல் மாறினாலும் எங்கம்மா கண்டுபிடிச்சிடுவாங்க. அச்சு அசல் இதே கலர் வேணும்மா" என்று, சட்டத்திலிருந்து கழற்றிய பழைய கல்யாணப் போட்டோவை மேஜைமேல் வைத்தார் சத்யராஜ்.

2003ஆம் வருஷம். காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுத் தரும் அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவள் ஏலவார்குழலி. பெயர்தான் நீளம், பேச்சு சுருக்கம். போட்டோவில் புது மாப்பிள்ளையாகச் சத்யராஜின் அப்பா வீரபத்திரனும், பக்கத்தில் வாடாமல்லிப் பட்டில் அம்மா அன்னம்மாளும் விறைப்பாக நின்றிருந்தார்கள்.

"அந்தச் சேலை இப்ப எங்க சார்?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே ஏரி ஒடைஞ்சி வெள்ளத்துல போயிடுச்சாம். அப்புறம் எங்கம்மா பட்டே கட்டல. ரெண்டு பேரும் முசரவாக்கத்துல நாத்து நட்டு, களை பறிச்சி என்னைப் படிக்க வெச்சாங்க. தை மாசம் அவங்களுக்கு அறுபதாங் கல்யாணம். அன்னிக்கு அம்மா இதே சேலையைக் கட்டிக்கினு நிக்கணும்மா."

குழலிக்கு மனசு இளகிப்போனது.

போட்டோவை ஸ்கேன் செய்து, கலர் பிக்கரைச் சேலைமேல் கொண்டுபோய் வைத்தாள். தொட்ட இடத்தின் நிறத்தை மூன்று எண்களாகச் சொல்லும் கருவி அது. தோளில் ஒன்று சொன்னது, மடிப்பில் ஒன்று, முந்தானையில் இன்னொன்று. சளைக்காமல் நாற்பது இடத்தில் தொட்டுச் சராசரி எடுத்தாள்.

பிள்ளையார்பாளையம் சாயக்காரரோ, இந்த நம்பரை வைத்துக்கொண்டு நான் தாயம் ஆடுவதா என்று கேட்டுவிட்டார். அதனால் அவர் தோய்த்துக் கொடுத்த நூலையும் ஸ்கேன் செய்து எண்களை ஒப்பிட்டாள். முதல் நூலில் சிவப்பு தூக்கல். அடுத்தது மங்கல். சாயக்காரர் முணுமுணுத்தபடியே தோய்த்த ஐந்தாவது நூலில்தான் எண்கள் ஒத்துப்போயின.

தறியிலிருந்து சேலை இறங்கிய அன்று, சத்யராஜ் பூவும் பழமுமாக வந்து நின்றார். இந்த உதவியை உயிருள்ளவரை மறக்க மாட்டேன் என்றார். அம்மாவின் முகத்தை நீயும் பார்க்க வேண்டும் என்று குழலியைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அன்னம்மாள் சேலையைப் பிரித்தார். அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணீர் பொலபொலவென்று கொட்ட உட்கார்ந்திருந்தார்.

"அதே கலர்தானம்மா?" சத்யராஜ் பயந்துகொண்டே கேட்டார்.

"அதே கலர்தாம்பா." அன்னம்மாள் குழலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ நல்லா இருக்கணும் தாயி." பிறகு கணவரைப் பார்த்தார். வீரபத்திரன் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமேலாச்சும் சொல்லிடு" என்றார்.

"வெள்ளத்துல எதுவும் போவலப்பா. கல்யாணத்தன்னிக்கு நான் கட்டியிருந்தது இரவல் நூல் சேலை. படமும் கருப்பு வெள்ளைதான். கலர் பூசித் தரேன், என்ன கலர் வேணும்னு ஸ்டுடியோக்காரர் கேட்டாரு. என் பொண்டாட்டிக்கு வாடாமல்லிப் பட்டு வரைஞ்சிடுங்கன்னு உங்கப்பாதான் சொன்னாரு. இந்தச் சேலையை இன்னிக்குத்தாம்பா நான் மொத மொதல்ல தொட்டுப் பார்க்கறேன்."