ஜெயித்தவர் கேட்கலாம்

சுமிரேயிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பூதம். முதுகெல்லாம் பாசி படர்ந்த கிழட்டு ஆமை. அவளுடைய அப்பா தெட்சுரோவிடம் இன்னும் இரண்டு இருந்தன.

ஹமமாட்சு ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள உணவகத்தில், ஆளுக்கொரு விளையாட்டுக் கருவியோடு அப்பாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். பச்சை சோடாவின் மேல் மிதந்த ஐஸ்கிரீம் கரைந்து மேஜையில் வழிந்தது. பத்து வயதுப் பெண் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவள் அவனுக்கு. விவாகரத்தின்போது பேசி முடித்தது அவ்வளவுதான். அந்த ஒரு நாளில் இருவரும் பூதச் சண்டை போடுவார்கள். அவன் தோற்பான்.

இந்தச் சண்டைக்கு ஒரு சட்டம் உண்டு. சட்டம் போட்டவள் சுமிரேதான். ஜெயித்தவர் ஒன்று கேட்கலாம், தோற்றவர் மறுக்கக் கூடாது.

இதுவரை கேட்டதெல்லாம் அவள். ஒருமுறை, பரிமாற வந்த பெண் முன்னால் சேவல் மாதிரி கூவ வேண்டும் என்றாள். மனுஷன் கூவினான்.

இன்றைக்கு அவன் ஜெயித்தே ஆக வேண்டும்.

போன மாதம் அவளுடைய அம்மா சாயோரி போன் செய்திருந்தாள். மறுமணம் ஆகி ஒரு வருஷமாகியும் சுமிரே சாயோரியின் புதுக் கணவரைப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவதுபோல ‘கசஹாரா சான்’, அதாவது ‘கசஹாரா அவர்களே’ என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

“அவர் வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆனா ஒவ்வொரு தடவையும் முகம் விழுந்துபோகுது. நீ சொன்னா அவ கேப்பா, தெட்சுரோ.”

அவனுக்கும் பெரிய மனுஷனாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அங்கேதான் பிடித்தது சனி.

அவன் வேலை பார்க்கும் பியானோ தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அவனுடைய அணியைப் பலப்படுத்துவதிலேயே போனது. மகளின் ஆறு பூதங்களும் அவனுக்கு மனப்பாடம். அவளுடைய நெருப்பு நரியை அடக்க ஒரு தண்ணீர்ப் பாம்பு. அவளுடைய கழுகை வீழ்த்த இடி இடிக்கும் எருமை. நல்லதாக ஒன்று கிடைக்கும்வரை பூத முட்டைகளாகப் பொரித்துத் தள்ளினான். தேறாததை எல்லாம் விரட்டிவிட்டான்.

“சொந்தப் பொண்ணைத் தோக்கடிக்கவா அண்ணே இவ்ளோ பாடு?” என்று கூட வேலை செய்யும் ஒனோதெரா கிண்டலடித்தான். இவன் தலையைக்கூடத் தூக்கவில்லை.

சண்டை தொடங்கும் முன் இருவர் அணியும் திரையில் வரிசையாகத் தெரியும். இன்று அந்த வரிசையைப் பார்த்ததும் சுமிரே நிமிர்ந்தாள்.

“மோச்சி எங்கே?”

மோச்சி என்பது உருண்டையாக, வெள்ளையாக, ஒன்றுக்கும் உதவாத ஒரு பூதம். அவளே பிடித்து, அவளே பேர் வைத்து, அவன் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. ஆனால் அணியில் ஆறுக்கு மேல் இடம் கிடையாதே; மீதி எல்லாம் கருவிக்குள்ளேயே ஒரு கிடங்கில் கிடக்கும்.

“கிடங்குல ஓய்வெடுக்குது” என்றான்.

அவள் தன் திரைக்குத் திரும்பினாள்.

இப்போது ஆமை தள்ளாடிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு அடி. விட்டுக்கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. விட்டுக்கொடுத்திருக்கலாம். இன்றுவரை அதை நினைத்து நினைத்தே மாய்ந்துபோகிறான்.

பொத்தானை அழுத்தினான். ஆமை கவிழ்ந்தது.

சுமிரே வாயைப் பிளந்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். “யப்பா! நீ எப்போ இவ்ளோ தேறினே? சரி, கேளு. சேவலா, நாயா? எதுவானாலும் கத்துறேன்.”

தொழிற்சாலைக் கழிவறையில் கண்ணாடி முன் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியத்தை அவன் சொன்னான்.

“கசஹாரா சானை இனிமே அப்பான்னு கூப்பிடு.”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவள் உறிஞ்சு குழலை எடுத்து வெகுநேரம் சோடாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்போ நீ?”

குழந்தை பயப்படுகிறாள், தன்னை விட்டுப் போய்விடுவானோ என்று நினைக்கிறாள் என்றுதான் அவன் எடுத்துக்கொண்டான்.

“நான் எங்கடா கண்ணு போகப்போறேன்? இங்கேயேதான் இருப்பேன்” என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தான்.

அவள் யோசித்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். தோற்றவர் மறுக்கக் கூடாது.

நிலையத்தில் டிக்கெட் கதவுக்கு அருகே சாயோரியும் கசஹாராவும் காத்திருந்தார்கள். சுமிரே நேராகக் கசஹாராவின் முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, வந்துட்டேன்.”

அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். சாயோரி அவருடைய தோளுக்கு மேலாகத் தெட்சுரோவைப் பார்த்துக் கண் கலங்கினாள். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு நல்ல காரியமாவது உருப்படியாகச் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக நின்றான்.

எப்போதும் கிளம்பும்போது ஓடி வந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொள்வாள் சுமிரே. அவன் கைகளைக்கூடப் பாதி விரித்துவிட்டான்.

அவள் இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாள். கால்களைச் சேர்த்துவைத்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி அளவாகக் குனிந்தாள்.

“தெட்சுரோ சான், இன்னைக்கு ரொம்ப நன்றி.”

கோபமில்லை, அழுகையில்லை. சொன்ன வார்த்தையை ஒழுங்காகக் காப்பாற்றுகிற குழந்தையின் குரல்.

விரித்த கைகளை மடக்கிக்கொண்டு அவனும் குனிந்தான். வெளியாள் ஒருவர் அப்படி வணங்கினால், பதிலுக்கு வணங்குவதுதானே முறை.