முட்டையைக் கண்டால் ஓடுகிறவர்கள்

“உங்க குடும்பத்துல முட்டை, கறி பிடிக்காதவங்க இருக்காங்களா?” என்று டாக்டரம்மா கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பேரன் கட்டிலில் கண் திறக்காமல் கிடக்கிறான். நாலு வயது. காய்ச்சல், வாந்தி. அப்புறம் சம்பந்தமில்லாத உளறல். அப்புறம் அதுவும் இல்லை.

மூளைக்காய்ச்சல் என்று ஊசி மேல் ஊசி போட்டாயிற்று. இப்போது சாப்பாட்டு விசாரணை.

பொய்த்தூக்கம் அவனுக்கு நான் கற்றுக்கொடுத்த வித்தை. அதனால் உள்ளங்காலைச் சுரண்டிப் பார்த்தேன். கட்டைவிரல்கூட அசையவில்லை.

கேட்டால் சொல்லாமல் இருப்பேனா?

“என் வீட்டுக்காரி முட்டையைப் பார்த்தா பாம்பைப் பார்த்த மாதிரி கட்டில் மேல ஏறிடுவா டாக்டரம்மா. மூத்த மக, இவன் அம்மா, இந்தா நிக்கிறாளே, பருப்பைக்கூடப் பொறுக்கி வெளியில வச்சிடுவா. இந்தப் பயலும் அம்மா புள்ளதான். உடம்பு தேறட்டும்னு அவன் அப்பன்தான் மடியில போட்டு முட்டையா ஊட்டினான்.”

“அப்பா, இங்கயுமா உங்க புளுகு?” மூத்தவள் பல்லைக் கடித்தாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ரத்தத்தில் அம்மோனியா பார்க்கச் சொல்லி நர்ஸை விரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்க வீட்டம்மாவுக்கு அண்ணன் தம்பி?”

இதற்கும் என்னிடம் ஒரு கதை உண்டு. போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்த கதை.

“மூணு பேரு பொறந்தாங்க. மூணும் பால்குடியிலயே தூங்கப் போச்சு, எந்திரிக்கல. இப்படி ஒரு மாப்பிள்ளை வரப்போறான்னு தெரிஞ்சு பயந்து போயிருப்பானுங்க.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

“அது தூக்கமில்ல ஐயா” என்றார் டாக்டரம்மா. முட்டை, கறி, பால் செரித்து மிஞ்சும் அம்மோனியாக் கழிவை வெளியேற்ற முடியாத உடம்பாம், தாய்வழியில் வருவதாம். அது மூளைக்கு ஏறுகிறதாம். பெண்கள் முட்டையை ஒதுக்கிப் பிழைத்துக்கொள்வார்களாம். பையன்கள்தான் மாட்டுவார்களாம்.

ரத்த முடிவு வந்தது. டாக்டரம்மா ஒரு பார்வைதான் பார்த்தார். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினுக்குப் பேரனைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மூத்தவள் பின்னால் ஓடினாள்.

வாசலோரம் பிளாஸ்க்கோடு என் சின்னவள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அவளும் முட்டையைத் தொட்டதில்லை.

நான் வாயைத் திறந்தாலே “ஆரம்பிச்சிட்டார்” என்பவள், பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, ஏழு மாத வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

மூன்று மாமன்கள் கதை பொய் என்று நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.