ஏறாத மீட்டர்

தேநீர்க் கோப்பையின் விளிம்பில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. பெரியவர் கோப்பையை ஒற்றை விரலால் மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார். பிறகு கைக்குட்டையை எடுத்து அந்த விரலையும் துடைத்துக்கொண்டார்.

கழிவு எண்ணெய் நாற்றம் தொண்டைவரை வந்து நின்றது. வீட்டிலிருந்து மூன்றே கிலோமீட்டரில் இப்படியொரு பட்டறை இருப்பதே அவருக்கு இன்றுதான் தெரியும். நடத்துகிறவள் ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மாள். முழங்கைவரை மடித்துவிட்ட சட்டை, இரண்டு கையிலும் கிரீஸ். பக்கத்தில் நின்ற வேனின் திறந்த கதவு வழியே இன்னொரு ஆளின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மீதி உடம்பெல்லாம் டாஷ்போர்டுக்கு அடியில்.

"என் கார்ல மீட்டர் கெட்டுப்போச்சும்மா," என்றார் பெரியவர். "கெட்டுப்போச்சுன்னு உன் கடைத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. எனக்கு அது போதும்."

அதுவரை ஏதோ பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்த அந்தக் கால் சட்டென்று நின்றது. ஒட்டுக் கேட்கிறான், என்று பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகன் ஊருக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலையில் இன்ஜினியர். போக நாற்பது, வர நாற்பது, தினமும் எண்பது கிலோமீட்டர் இந்தக் காரில்தான் போய் வருகிறான். போன வாரம் இதில் ஏறிய மைத்துனர் சும்மா இருக்கவில்லை. மூன்று மாதம் முன்பு சர்வீஸ் செய்தபோது அன்றைய கிலோமீட்டரை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிய சீட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் அறுநூறு கிலோமீட்டர்கூட வித்தியாசம் இல்லை.

"மாப்பிள்ளை வேலைக்குப் பறந்தா போறாரு அத்தான்?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். அந்தச் சிரிப்பு அவர்கள் காதுக்குப் போனால் சம்பந்தம் அன்றோடு முறிந்தது. நாலு தலைமுறையாகக் கட்டிக் காத்த பேரும் அதோடு போயிற்று. அதனால்தான், அண்ணன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லிக் காரை வாங்கிக்கொண்டு, மகனை இன்று ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டு, இந்த நாற்றத்தில் வந்து நிற்கிறார்.

அந்த அம்மாள் காரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வேனைப் பார்த்தாள். காரில் ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

முட்கள் கடைசிவரை ஓடித் திரும்பின. எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருசேர எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. சாவியைத் திருப்பியதும் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற மீட்டர் அது. ஒரு குறையும் சொல்லவில்லை. அடியில் ஒரு கருவியின் வயரைச் சொருகி, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

சக்கரம் சுற்றுவதை ஒரு சென்சார் எண்ணுகிறது, எண்ணியதைக் கம்ப்யூட்டர் தூரமாக்குகிறது, மீட்டர் அதை வாங்கிக் காட்டுகிறது என்று விளக்கினாள். இன்ஜின் கம்ப்யூட்டரும் தன் பங்குக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டிலும் ஒரே எண்தான்.

"மூணு மாசமா ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர் ஓடியிருக்கு ஐயா. அதுதான் நிஜம்."

"இந்த டப்பா சொல்றது நிஜம், என் புள்ள சொல்றது பொய்யா? எங்க குடும்பத்துல பொய் சொன்னவன்னு ஒருத்தன் கிடையாது."

பெரியவர் அவள் நகக்கண்களில் அப்பியிருந்த கறுப்பைப் பார்த்தார். இந்தக் கையோடு சோறு அள்ளுகிறவர்களிடம் நியாயம் கேட்டு வந்தது தன் புத்திகெட்டத்தனம் என்று வாய்விட்டே சொன்னார்.

"என் பையன் இப்பல்லாம் வீட்ல சோத்தையே ஸ்பூன்லதான் சாப்பிடுறான். பெரிய இடத்துப் பழக்கம். அவனைப் பத்தி இந்த எண்ணெய்ச் சட்டிக்குள்ள நின்னு பேசுறதே கேவலம்."

வேனுக்குள் ஒரு திருகாணி விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் பெரியவர் குரலைத் தாழ்த்தினார். எழுதித் தரவேண்டாம், போகட்டும். தினம் எண்பது என்று பெருக்கி, ஓடியிருக்க வேண்டிய தூரத்தை மீட்டரில் ஏற்றிவிட்டால் போதும் என்றார். இது மோசடி இல்லை, வெறும் பிழைதிருத்தம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"குறைக்கச் சொல்லி எத்தனையோ பேர் வந்திருக்காங்க ஐயா, வாசலோட அனுப்பிடுவேன். ஏத்தச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்," என்றாள் அவள். சிரிக்கவில்லை. "மீட்டர் வேலையெல்லாம் இங்க அவருதான் பாக்குறாரு. அவரையே கேளுங்க."

பெரியவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் மானம் பெரிதாயிற்றே. வேனருகே போய், வெளியே நீட்டியிருந்த எண்ணெய்க் காலணியைக் குடை நுனியால் தட்டினார், கை படாமல்.

"ஏம்பா, கேட்டுக்கிட்டுதானே கிடக்கே? உன்னால முடியுமா, முடியாதா?"

கால்கள் மெல்ல இறங்கித் தரையில் ஊன்றின. கறுத்த கை ஒன்று கதவின் ஓரத்தைப் பற்றியது. முகம் வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"மீட்டர் பொய் சொல்லல, அப்பா."