ஒன்பது வருஷ சாம்பியன்

"எட்டு பட்டம் என்னம்மா, எண்பதுகூட வாங்கட்டும். இப்ப ஆடற அந்தப் பொண்ணு யாரை ஜெயிச்சா, அதைச் சொல்லு!"

அம்பு எறியும் டார்ட்ஸ் ஆட்டத்தின் முன்னாள் சாம்பியன் சோபாவில் இருந்தபடியே எகிறினார். எதிரே பத்திரிகைக்காரப் பெண். 'அன்றும் இன்றும்: யார் பெரிய சாம்பியன்?' என்று கட்டுரை எழுத வந்திருந்தாள்.

மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"மூணு அம்புக்கு உங்க சராசரி தொண்ணூத்தி நாலு பாயிண்ட் சார். அவங்களுது நூத்தி ஒண்ணு," என்றாள் பத்திரிகைக்காரப் பெண்.

"இப்ப போர்டுல கட்டம் பிரிக்கிற கம்பி மெல்லிசு. எறிஞ்சதெல்லாம் குத்தும். எங்க காலத்துல பாதி அம்பு கம்பியில பட்டுத் தெறிக்கும். ஹால் பூரா சிகரெட் புகை. அதுலயே ஒன்பது வருஷம் ஒருத்தனையும் கிட்ட நெருங்க விடலையே!"

"பெண்களும் ஆடினாங்களா சார்?"

"ஆண்களுக்கு மட்டும்னு சங்கத்து ரூல். நாம என்ன பண்றது?"

"நீங்க ஆடுவீங்களாம்மா?" என்று மனைவியிடம் திரும்பினாள் அவள்.

"இவளா? ஏதோ பொழுதுபோகாம எறிவா," என்று அவரே பதில் சொல்லிச் சிரித்தார்.

மனைவி காலி கப்புகளை எடுத்துக்கொண்டு போனாள்.

வழியனுப்ப மனைவி வாசல்வரை வந்தபோது பெண் சொன்னாள்: "பாவம்மா சார். பழைய ஆளுங்களை இப்ப யாரும் மதிக்கறதில்ல."

"அந்த ரூலுக்கு முந்தி ரெண்டு வருஷம் பட்டம் யாருக்குன்னு தெரியுமா கண்ணு?"

"லிஸ்ட்டே அதுக்கப்புறம்தானேம்மா ஆரம்பிக்குது?"

"முந்தினதை எடுத்துட்டாங்க. ரெண்டு ஃபைனல்லயும் இவரைத் தோற்கடிச்சது நான்."

பெண் பையிலிருந்து மறுபடி நோட்டை எடுத்தாள்.

"மூணாவது வருஷம், கல்யாணமான புதுசு. பேர் கொடுக்கப் போனேன். பொம்பளைங்களுக்கு இடமில்லன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து அப்படி அழுதேன். இவர்தான் கண்ணைத் துடைச்சு, கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதல் சொன்னார். அந்த ஒண்ணுக்காகவே இத்தனை வருஷம் இவரைத் தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடினேன்."

"அவ்வளவு நல்லவரா சார்?"

"போன மாசம் சங்கத்துல பழைய ஃபைலையெல்லாம் கழிச்சுக் கட்டி, இவர் சம்பந்தப்பட்டதை வீட்டுக்கு அனுப்பினாங்க. பொம்பளைங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு அப்ப கொடுத்த மனு என் கையில கிடைச்சுது. முதல் கையெழுத்தே இவரோடது."